இரண்டாவது 'ஏங்க'

"இது பிழைக்குமாம்மா?"

மேசைமேல் கிடந்த பென் டிரைவைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார் பெரியவர். கணினியில் செருகியிருந்தபோது நாற்காலி இடித்ததில், அதன் முனை வளைந்து தொங்கியது.

"பார்த்துடலாம் அங்கிள்." பழுதுபார்க்கும் பெண் அதன் உறையைக் கழற்றிப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தாள். "இங்க வந்து பாருங்க. இந்தக் கறுப்புச் சில்லுலதான் எல்லாம் இருக்கு. அதுல ஒரு கீறல்கூட இல்ல. சில்லுக்கும் முனைக்கும் நடுவுல மொத்தம் நாலு தடம். ரெண்டு கரண்டுக்கு, ரெண்டு தகவலுக்கு. அந்த நாலும் பிய்ஞ்சுபோச்சு. வீடு நல்லாத்தான் இருக்கு, வாசல்தான் இடிஞ்சிருக்கு."

"அப்ப, உள்ள இருக்கிறது உள்ளேயேதான் இருக்கும்?"

"பத்திரமா இருக்கும். நமக்குத்தான் போற வழி இல்ல."

பெரியவர் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கூட வந்திருந்த அம்மாள் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். "எவ்வளவு நேரம் நிப்பீங்க சார்? உக்காருங்க."

"இல்லம்மா, நீங்க உக்காருங்க."

பக்கத்து வீட்டுக்காரர் போல, துணைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள் பெண். தலைமுடி கனத்தில் ஒரு கம்பியை எடுத்து, முதல் தடத்தில் வைத்துப் பற்றவைத்தாள். "இதுல எந்த ஃபைல் முக்கியம் அங்கிள்?"

"வாஷிங் மெஷின் சத்தம்."

அவள் சிரித்துவிட்டாள். "அதுக்கா இந்தப் பாடு?"

"கடகடன்னு ஒரு சத்தம் வந்துது. மெக்கானிக்குக்குப் போட்டுக் காட்டணும்னு ஃபோன்ல பதிவு பண்ணினேன். நடுவுல என் வீட்டுக்காரி 'ஏங்க'ன்னு கூப்பிடுவா. முதல் தடவை கூப்பிட்டா நான் திரும்ப மாட்டேன். ரெண்டாவது தடவை கொஞ்சம் கோபத்தோட, இழுத்துக் கூப்பிடுவா. அதைக் கேக்கறதுக்குன்னே சும்மா இருப்பேன்."

பெண்ணின் சிரிப்பு அடங்கியது. "ஆன்ட்டி இப்ப..."

"கொஞ்சம் கொஞ்சமாப் போயிட்டாம்மா. பக்கத்துலயே இருந்தும் பிடிச்சு நிறுத்த முடியல. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டே ரெண்டு வருஷம் ஆச்சு."

அம்மாள் 'த்சு' கொட்டினார். "பாவம் சார் நீங்க."

நான்காவது கம்பியும் ஒட்டியது. கணினியில் செருகியதும், பென் டிரைவின் குட்டி விளக்கு ஒருமுறை துடித்து, பிறகு நிலையாக எரிந்தது.

"வந்துடுச்சு! இருங்க, எதையும் தொடாம முதல்ல முழு நகல் எடுத்துடறேன். கம்பி எப்ப வேணா விட்டுப்போகலாம்." நகல் முடியும்வரை பெரியவர் திரையில் நகர்ந்த பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெண் ஃபைலைத் திறந்தாள். கடகடவென்று மெஷின் சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு குரல்: "ஏங்க!"

பெரியவர் அசையவில்லை. கண்ணை மூடிக் காத்திருந்தார்.

"ஏ...ங்க! கூப்பிடறது காதுல விழுதா இல்லையா? அந்த மெஷினையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க!"

"இதோ வந்துட்டேன்," என்றார் பெரியவர், கடையில் நின்றபடியே.

மெஷின் சத்தம் நின்றது. பதிவு அத்துடன் முடிந்தது. ஆனால் அதே குரல் சிரிப்பது பெண்ணுக்குக் கேட்டது. திரும்பினாள். நாற்காலியில் இருந்த அம்மாள்தான் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்காரரும் அச்சு அசல் இப்படித்தான், ஒரு தடவை கூப்பிட்டா திரும்பவே மாட்டாரு," என்றார் அம்மாள், பெரியவரின் கையைத் தயங்கித் தொட்டு. "என்னைக் காணோம்னு தேடிக்கிட்டிருப்பாரு சார், அவர்கிட்ட என்னைக் கொண்டுபோய் விட்டுடறீங்களா?"