ஒன்றாக்கப்பட்ட கேள்விகள்

கடலில் காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக லெம்பர்ட் தன் சொந்த சர்வரில் ஓர் இணைய மன்றம் நடத்திவந்தான். அன்று காலைதான் அதற்குப் புதிய பதிப்பை ஏற்றியிருந்தான். ஒரே மாதிரியான கேள்விகளை அது தானாகவே ஒன்றாக்கிவிடும். ஒருவருக்கு வந்த பதிலை மற்ற வீடுகளுக்கும் போன் போட்டுச் சொல்லிவிடும்.

மதியம் கொரற்றியம்மாள் கூப்பிட்டாள்.

"தம்பி, எம்புள்ள கரை ஏறிட்டானாமே! இப்பத்தான் உங்க மன்றத்துலேர்ந்து போன்ல சொன்னாவ!"

லெம்பர்ட் பதறிப்போய்த் திரையைப் பார்த்தான். கரையேறியவன் வேறொரு தாயின் மகன். எழுதத் தெரியாத தாய்மார்களுக்கெல்லாம் கேள்வியை எழுதிக் கொடுத்தவன் லெம்பர்ட்தான். 'கடலுக்குப் போன என் மகனைப் பார்த்தீர்களா?' என்று எல்லோருக்கும் அதே வரியைப் போட்டிருந்தான்.

உண்மையைச் சொன்னான். "மன்னிச்சிருங்கம்மா. இப்பவே பதிலைத் திருத்திடுறேன். தப்பான தகவல்னு வீட்டுக்கு மறுபடி போன் வரும்."

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நாள் திருத்தாதீங்க தம்பி. மூணு வருசம் கழிச்சு மருமவ இப்பத்தான் தலையில பூ வச்சிருக்கா."