தண்ணீர் போதும்

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த நாளிலிருந்து ரோஸலினைக் கட்டிலை விட்டு இறங்கவே விடவில்லை அவள் கணவர் அருளப்பன். அவளுக்குக் கஞ்சியும் ஜூஸும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஜன்னலோரம் அவள் வளர்த்த பீஸ் லில்லிச் செடிக்கும் வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றினார். அதன் இலைகள் மஞ்சளாகி, கொழகொழத்துத் தொங்கின.

"வாடுது பாரு," என்று அவர் மறுபடியும் செம்பை எடுத்தபோது ரோஸலின் கட்டிலை விட்டு இறங்கினாள்.

"எதுக்கு எந்திரிக்கிற? டாக்டர் என்ன சொன்னாரு?"

அவள் சுவரைப் பிடித்தபடி போய்த் தரையில் உட்கார்ந்து தொட்டியைக் கவிழ்த்தாள். சாக்கடை நாற்றம் அடித்தது. கறுத்து நைந்த வேர்களைக் கத்தரித்துப் போட்டாள். வெள்ளையாக, கெட்டியாக மிஞ்சியது கொஞ்சம்தான்.

"செத்துடுச்சா?"

"சாகல. வேர் மூச்சு விடவே நீங்க எடம் குடுக்கல. இனிமே நான் சொல்லாம ஒரு சொட்டு ஊத்தக் கூடாது."

வேறொரு தொட்டியிலிருந்த உலர்ந்த மண்ணில் செடியை நட்டாள். தூக்கிவிட அவர் கை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. தையல் இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, தானாகவே எழுந்து வாசல் கதவைத் திறந்தாள்.

"விழுந்துடுவ ரோஸி."

"விழுந்தா எந்திரிப்பேன். எஞ்செருப்ப எங்க எடுத்து வச்சிருக்கீங்க?"