புரியலை டீச்சர்

பின்வரிசைப் பெஞ்சில் முழங்காலை மடக்கி, பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறாள் வழிகாட்டி ஆசிரியை. கரும்பலகை முன்னால் நிற்கும் பயிற்சி ஆசிரியைக்கு அவளைவிட வயது அதிகம். தன் பிள்ளைகள் வளர்ந்தபின் முதுகலைக் கல்வியியல் படிக்க வந்தவள். ஜன்னல் வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. வட்டங்களைப் பங்குபோட்டுப் பின்னங்களை நடத்தி முடித்து, "புரிஞ்..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். நேற்று வழிகாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது: "அக்கா, புரிஞ்சுதான்னு கேட்டா எல்லாம் மண்டைய மண்டைய ஆட்டத்தான் செய்யும். கேள்வி கேட்டுட்டுக் காத்திருக்கணும்னு பரீட்சையில பக்கம் பக்கமா எழுதினீங்களே, கொஞ்சம் காத்திருங்களேன்!" இப்போது, "மூணுல ஒரு பங்கு பெருசா, நாலுல ஒரு பங்கு பெருசா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறாள். மின்விசிறி மட்டும் முனகுகிறது. பதில் அவள் நாக்கு நுனியில் துடிக்கிறது. விரலிடுக்கில் சாக்பீஸ் இரண்டாய் உடைகிறது. வழிகாட்டி உதட்டின்மேல் விரல் வைக்கிறாள், பிள்ளைகளுக்கு அல்ல, அவளுக்கு. தினமும் எல்லாருக்கும் முந்தி "புரிஞ்சுது டீச்சர்!" என்று கத்தும் முதல் பெஞ்சுச் சிறுமி மெல்ல எழுந்து நிற்கிறாள். "நாலுதானே பெருசு, அப்புறம் ஏன் படத்துல துண்டு சின்னதா இருக்கு? எனக்குப் புரியலை டீச்சர்." "அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிடுகிறாள் டீச்சர், முகமெல்லாம் பல்லாக.