அது பவுலே இல்லை

கடைசி நிமிடத்தில் நடுவர் கொடுத்த பெனால்டியால், நாங்கள் உயிரை விடும் அணி கால்பந்து உலகக்கோப்பையிலிருந்து வெளியேறியது. அது பவுலே இல்லை. தெருவுக்கே தெரியும். காலையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, தேசிங்கு தடுக்க, நான் பந்தோடு ஓட, அப்படியே நடித்துக் காட்டினோம். நடுவராக நிற்க மட்டும் ஒருவனும் வரவில்லை. கடைசியில் எங்கள் கோச் குணசீலன் அண்ணன் விசிலை வாங்கிக்கொண்டார். தேசிங்கு காலை நீட்டினான், நான் விழுந்தேன். அண்ணன் விசிலை ஊதி, பெனால்டி புள்ளியைக் காட்டினார்.

“உனுக்கும் கண்ணு அவிஞ்சி போச்சாண்ணா?” தேசிங்கு அவர் சட்டையைப் பிடித்தான். அண்ணன் கையை இறக்கவில்லை. தேசிங்கு என் பக்கம் திரும்பினான். “நீயே சொல்லுடா, நான் ஒன்ன தொட்டனா?”

அவன் ஷூ கிழித்த கணுக்காலை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டேன்.

“தொடவே இல்லடா.”