கருப்பாத்தாள் பக்கத்துப் பூட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில், தேவிகுளம் தேயிலைத் தோட்டத்தை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரையிடமிருந்து கந்தப்பன் ஒரு வெளிநாட்டுக் கார் வாங்கினார். சுவிட்சை அழுத்தினால் நான்கு கதவுகளும் பூட்டிக்கொள்ளும். மனைவி கருப்பாத்தாள் பக்கத்துப் பூட்டு மட்டும், வேலந்தாவளத்தில் மெக்கானிக் ஆறுச்சாமியின் ஒர்க்‌ஷாப்பைக் கடக்கும்போதெல்லாம் தானாகத் திறந்தது. அவளை முதலில் பெண் கேட்டு வந்தவன் ஆறுச்சாமி.

"உன்ற பக்கம் மட்டும் ஏன் தொறக்குது?"

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் கருப்பாத்தாள்.

அந்தக் காரைப் பிரிக்கத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் ஆறுச்சாமி ஒருவன்தான். கந்தப்பன் மனமில்லாமல் அவனிடமே கொண்டுபோனார். ஆறுச்சாமி பூட்டின் மோட்டாரைக் கழற்றிக் கையில் கொடுத்தான்.

"பழுது ஒண்ணுமே இல்லீங்க. இனிக் கையிலயே பூட்டிக்கோங்க."

அவன் தலைகுனிந்தே பேசியது கந்தப்பனுக்கு எரிச்சலாக இருந்தது.

அதன்பின் கார்க்கதவு தானாகத் திறக்கவில்லை. ஒரு வாரம் அவர் நிம்மதியாகத் தூங்கினார். ஞாயிறு மதியம் வாசற்கதவைத் தாழிட்டுவிட்டுப் பேப்பர் படிக்க உட்கார்ந்தார். கருப்பாத்தாள் உள்ளே மாவாட்டிக்கொண்டிருந்தாள். அவர் பார்க்கப் பார்க்க, இரும்புத் தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்து விலகியது.

எழுந்துபோய் வெளியே எட்டிப் பார்த்தார். ஆறுச்சாமி சைக்கிளில் நிற்காமல் போய்க்கொண்டிருந்தான். உள்ளே ஆட்டுக்கல் சத்தம் நின்றிருந்தது.