செபமாலையின் கல்லறை

கல்லறைக் கல்லின்படி, சூசையின் மனைவி செபமாலை 1918இல் காலராவில் இறந்துவிட்டாள். அக்கரை ஊர்க் கோயிலின் திருமணப் பதிவேட்டிலோ, அதே தகப்பன் பெயரோடு, 1920இல் வேறொருவரைக் கைப்பிடிக்கிறாள். 1931இல் அதே கோயிலின் குடும்பப் பதிவேட்டில் அவளுக்கு நான்கு பிள்ளைகள். கடைக்குட்டி என் தாத்தா.

எது பொய் என்று எரிச்சலோடு ஓராண்டு அலைந்து, கடைசியில் கல்லறைத் தோட்டக் காவலரிடம் கேட்டேன்.

“அதெல்லாம் தெரியாதுங்க. எங்க தாத்தா இங்க காவல் இருந்தப்ப, வருசா வருசம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு அம்மா நாலு பிள்ளைங்களோட வந்து, இந்தக் கல்லுல மெழுகுவத்தி ஏத்துவாங்களாம். உள்ள இருக்கிறது யாரும்மான்னு கேட்டா, ‘சூசை பொண்டாட்டி. பாவம், அடிவாங்கியே செத்தா’ன்னு சொல்லிச் சிரிப்பாங்களாம். அவங்க வெளிய போற வரைக்கும் தாத்தா எந்திரிச்சு நிப்பாராம்.”