ஈட்டிமரப் பீரோ

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் சங்கரலிங்கம் பீரோவின் முதுகைத் தேய்க்கத் தேய்க்க, பக்கத்தில் நின்ற பிரீத்தி அந்தப் பஞ்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது. பயப்படாமல் என்ன செய்யும் அந்தப் பெண்?

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் மாமியார் யோகேஸ்வரி. "நூறு வருசத்து ஈட்டிமரம்னு சொல்லித்தான் இவ அப்பா சீர் வச்சாரு. எனக்கென்னமோ சந்தேகமாவே இருக்கு."

"ஈட்டி இல்லேன்னா?" என்று கேட்டார் சங்கரலிங்கம்.

"பீரோவும் இவளும் இன்னைக்கே ஒரே வண்டியில விருதுநகர் போயிர வேண்டியதுதான். சிவகாசியில ரெண்டு பட்டாசு கம்பெனி வச்சிருக்கோம், எங்களையே ஏமாத்துவாகளா?"

சோபாவில் கிடந்த மகன் ஜெயச்சந்திரன் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சங்கரலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்டாட்டி இருப்பதா போவதா என்று பேச்சு நடக்கிறது, இவன் ரீல்ஸ் பார்த்துச் சிரிக்கிறான்!

பழைய மரச்சாமான் என்றால் இந்த ஊரில் சங்கரலிங்கம் சொன்னதுதான் முடிவு. ஈட்டியென்றால் கதவைத் திறக்கும்போதே கை கனக்கும், செதுக்கினால் கருஞ்சிவப்பில் வரி ஓடும். இந்தக் கதவோ தொட்டதும் லேசாக ஆடியது.

"மேல பூராவும் பாலிஷ் ஏறியிருக்கும் அண்ணாச்சி." பிரீத்தி தானே ஒரு டிராயரை உருவிக் கவிழ்த்து நீட்டினாள். "இங்கன செதுக்கிப் பாருங்க."

விவரம் தெரியாத பிள்ளை, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறதே! உளியை வைத்து மெல்ல ஒரு இழுப்பு இழுத்தார். வெளிறிய மஞ்சள். சாதாரண மாமரம்.

அவருடைய மகள் கீர்த்திகாவையும் போன ஆடியில் இப்படித்தான் அனுப்பி வைத்தார்கள், நகை நாலு பவுன் குறைகிறதென்று. அன்றிலிருந்து அவர் தெருவில் தலைநிமிர்ந்து நடப்பதில்லை. பாழாய்ப்போன ஒரு மரத்துக்காக இன்னொரு வீட்டிலும் அந்த அவமானமா?

டிராயரைச் சட்டென்று உள்ளே தள்ளினார். கறுப்புச் சாயம் ஏறிய பஞ்சைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார்.

"அசல் ஈட்டிம்மா. இந்த மாதிரி மரம் இன்னைக்குத் தேடினாலும் கிடைக்காது."

முப்பது வருஷத்தில் மரத்தைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது. யோகேஸ்வரிக்கு முகமெல்லாம் பல். "அப்பாடா! இருங்க, காப்பி குடிச்சிட்டுப் போவீகளாம்" என்றாள். அவர் நிற்கவில்லை.

மறந்து வைத்த உளியை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் ஓடிவந்தாள் பிரீத்தி. கண்கள் குளமாகியிருந்தன.

"அழாத தாயி" என்றார் அவர் தணிந்த குரலில். "மாமரம்னு தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன். இனிமே உன்னைய யாரும் இந்த வீட்டை விட்டு அனுப்ப மாட்டாக."

அவள் ஒருமுறை வீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நானா மூணு தடவை தப்பிச்சு ஓடியும் எங்கப்பா இங்கயே கொண்டாந்து விட்டுட்டாரு அண்ணாச்சி... இவுகளா வெரட்டியிருந்தா பொழச்சிருப்பேனே!"